உறைந்த ஏரிக்கு நான் அனுப்பிய சறுக்குச் செருப்பு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பதினெட்டு வருஷத்தைப் போக்கிவிட்டேன். கிறிஸ்மஸ் பலகாரம் சுட்டு முடிந்த கையோடு ஒவ்வொரு வருஷமும் ஒரு தாளை எடுத்து வைப்பேன். எண்ணெய்க் கறை படிந்துவிட்டது, நாளைக்கு வேறு தாளில் எழுதலாம் என்று மடித்துவிடுவேன். நான் படித்தது பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு. வேதம் வாசிக்கவும், பின்னல் கணக்கு எழுதவும், கடிதம் போடவும் அது போதும். கதை எழுதப் போதுமா என்பது ஒரு பயம். அது சின்னப் பயம்தான். பெரிய பயம், இதை எழுதினால் ஒரு ராத்திரி முழுக்க நான் மனசில் வைத்திருந்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டிவரும் என்பது. அது என் வீட்டுக்காரருக்கும் தெரியாது, சபைக் குருவானவருக்கும் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும், அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், எனக்கு முகம் தெரியாத ஒரு பெண் என் கதையை எனக்கே சொன்னாள். "பாளையங்கோட்டையில ஒருத்தி, புருசன் கால்ல கட்டிக்கிடதுக்கு அரிவாள்மனையை அனுப்பி வச்சாளாம், தெரியுமா?" என்றாள். கையில் இருந்த மைசூர்பாகை அப்படியே இலையில் வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று தீர்மானித்தேன்.

ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது. என் வீட்டுக்காரர் என் அத்தை மகன். அத்தான் என்றுதான் கூப்பிடுவேன், ஆகவே இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி நாலே மாதம். அத்தான் மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருந்தார். வடக்கே பனிமலைகளுக்குள் ஒரு மிஷனுக்கு உபதேசியார் வேண்டும் என்று சபையில் வாசித்தபோது, முழு ஆலயமும் தலையைக் குனிந்துகொண்டது; அத்தான் மட்டும் குனிய மறந்துவிட்டார். போய்விட்டார். பாளையங்கோட்டை வீட்டில் அத்தையும் நானும் இருந்தோம். அத்தை அவருடைய தாயார், எனக்கு மாமியார், வாசிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் நான்தான் வாசிக்க வேண்டும். சில வரிகளை நான் வாசிக்காமல் தாண்டினால், "தாண்டுத, தாண்டுத, எனக்குத் தெரியும்" என்று சொல்லி வெற்றிலையைக் கிள்ளுவாள்.

மார்கழிப் பனி விழுகிற நாளில் அந்தக் கடிதம் வந்தது. அத்தான் இருந்த ஊரில் ஒரு பெரிய ஏரி. குளிர்காலத்தில் அது உறைந்து கல்லாகிவிடும். அக்கரையில் ஒரு சிற்றூர். அதில் ஐந்து குடும்பங்கள் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. கரையோரமாகப் போகிற பாதையைப் பனி மூடிவிடும், ஏரிமேல் நடந்தால் காலை வாரிவிடும். முன்னால் இருந்த உபதேசியார் காலில் இரும்பு கட்டிக்கொண்டு ஏரிமேல் சறுக்கியே போய் வருவாராம். அத்தானும் ஒரு ஜோடியை இரவல் வாங்கிப் பார்த்தார். அது சாவி போட்டு இறுக்கினால், காலில் போட்ட பூட்ஸ் ஜோட்டின் அடித்தோலைக் கவ்வுகிற வகை. அத்தானுடைய ஜோடு மெத்தென்ற நாட்டுத்தோல். பத்து அடிக்கு ஒருதரம் இரும்பு ஒரு பக்கமும் அத்தான் ஒரு பக்கமுமாகப் போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கரையில் நின்று எண்ணினார்களாம். "இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை. உனக்குச் சிரிப்பு வரட்டும் என்றே எழுதுகிறேன்" என்று எழுதியிருந்தார்.

அடுத்த வரிகளில் சிரிப்பு இல்லை. மாசி பிறப்பதற்குள் அவர் தனியே அக்கரைக்குப் போய்வரப் பழகாவிட்டால், தெற்கத்தியாருக்கு இந்த வேலை ஒத்துவராது என்று ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவோம் என்று அங்கிருந்த துரை சொல்லிவிட்டார். பழகிவிட்டால் மூன்று வருஷத்துக்கு அங்கேயே நியமனம். சறுக்குச் செருப்பு விற்கிற கடை அங்கே இல்லை. சீமையிலிருந்து வரவழைத்தால் அதற்குள் ஏரி உருகிவிடும். நம்முடைய பள்ளிக்கூடத்து மிஸ்ஸியம்மா தம்முடைய பெட்டியில் இப்படிச் சில ஜோடிகள் வைத்திருப்பதாக ஒருதரம் சொன்னது ஞாபகம், கேட்டுப் பார், நல்லதாக ஒன்றை நீயே தேர்ந்து அனுப்பு என்று முடித்திருந்தார்.

அத்தை கேட்டாள்: "அப்ப அது சரியா அமையலைன்னா திரும்பி வந்துருவானா?"

"ஆமா அத்தை."

"சரியா அமைஞ்சா மூணு வருசமா?"

"ஆமா அத்தை."

அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். பிறகு, "ஏரி ஒறைஞ்சா அதுக்குள்ள கெடக்க மீன் எங்கன போகும்?" என்று கேட்டாள். அவள் மனசில் ஓடியது மீன் இல்லை. என் மனசில் ஓடியதும் அவர் திரும்பி வருவதுதான்.

மிஸ்ஸியம்மாவுக்கு அப்போது அறுபது வயசு இருக்கும். குளிர்தேசத்தில் பிறந்தவர்கள், நம்முடைய வெயிலில் முப்பது வருஷம் காய்ந்தவர்கள். பழைய வேதப் புத்தகம் பேசுகிற தமிழ்தான் பேசுவார்கள். அத்தையோடு அவர்கள் பங்களாவுக்குப் போய், சறுக்குச் செருப்பு என்று நான் வாயைத் திறந்ததும் அவர்கள் முகம் மாறின விதத்தை எப்படி எழுதுவேன். சாவிக்கொத்தைத் தேடுகிறேன் என்று கண்ணாடியைத் தேடி, கண்ணாடியைத் தேடுகிறேன் என்று குடையை எடுத்து, கடைசியில் கிடங்கின் பூட்டைத் திறந்து ஒரு தகரப்பெட்டியை அவர்களே இழுத்தார்கள். இந்தியா என்றால் முழுக்க இமயமலை என்று நினைத்த அவர்கள் தகப்பனார், வீட்டில் இருந்த எல்லா ஜோடியையும் கட்டி ஏற்றி அனுப்பிவிட்டாராம். பாளையங்கோட்டையில் வந்து இறங்கி, சித்திரை வெயிலில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து அழுததாகச் சொன்னார்கள். சொல்லும்போது சிரித்தார்கள்.

நான்கு ஜோடி இருந்தன. கம்பளித் துணியில் சுற்றி, வேப்பிலை போட்டு வைத்திருந்தும் இரண்டு ஜோடியில் துரு ஏறியிருந்தது.

ஒன்று மரப்பலகையில் செய்தது. பலகைக்குக் கீழே நீளமாக ஒரு இரும்பு ஓடி, முன்னால் மாட்டுவண்டியின் மூக்குப்போல் மேலே வளைந்திருக்கும். குதிகாலில் ஒரு திருகாணி; மேலே தோல்வார். இரண்டாவது முழுக்க இரும்பு, சாவி போட்டு இறுக்குவது. அத்தானை உருட்டின அதே வகை. மூன்றாவது குட்டை, அதன் இரும்பு தொட்டில் காலைப்போல் வளைந்து, வெள்ளிபோல் பளபளத்தது. அதில் பொட்டுத் துருகூட இல்லை. நான்காவது குழந்தைக்கு உள்ளது, ஒவ்வொரு காலுக்கும் இரண்டிரண்டு இரும்பு. ஆறு வயசில் மிஸ்ஸியம்மா போட்டதாம்.

மிஸ்ஸியம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எனக்கு விளக்கினார்கள். ஏரிப் பனிக்கட்டி கண்ணாடிபோல் இருக்கும் என்று எண்ணாதே என்றார்கள். காற்றில் அலை எழும்போதே உறைந்துபோகும், இலையும் குச்சியும் ஒட்டியிருக்கும், குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு ஓடும். குட்டை இரும்பு வட்டம் போட்டு ஆடுவதற்கு. அது வெடிப்பில் மூக்கை நுழைத்து ஆளைக் கவிழ்க்கும். நீள இரும்பு வெடிப்பைத் தாண்டிக் கிடக்கும். இது எனக்குச் சட்டென்று புரிந்தது. வாய்க்காலுக்குக் குறுக்கே பனந்தடி போடுகிறோமே, நீளத்தடி அக்கரையைத் தொடும், குட்டைத்தடி தண்ணீருக்குள் போகும். அவ்வளவுதான். திருகாணி குதிகாலைப் பிடிக்கும், வார் விரல்பக்கத்தைப் பிடிக்கும், ஜோட்டுத்தோல் மெத்தென்று இருந்தாலும் கழலாது. பலகை ஜோட்டைவிட நீளமாக இருக்கக் கூடாது, அதை மட்டும் அளந்து பார் என்றார்கள். சொல்லிவிட்டு, "அவன் உன் புருஷன். ஆகையால் நீயே தெரிந்துகொள்" என்று மணி அடித்த வகுப்புக்கு எழுந்து போய்விட்டார்கள்.

இனி அத்தையும் நானும் நாலு ஜோடியும் மட்டும்.

அத்தை ஒருதரம் வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ஏட்டி, அந்தக் குட்டையா மினுங்குதுல்லா, அதை எடு."

"அது கவுத்துரும்னு சொன்னாகளே அத்தை."

"அதுக்குத்தான் சொல்லுதேன். பைய விழுவான். பையத்தான விழுவான்? முட்டி காயம் எங்கிட்ட வந்தா மஞ்சள் வச்சு ரெண்டு நாள்ல ஆத்திருவேன்."

நான் எடுத்தேன். அத்தை சொன்னதற்காக எடுத்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. மாசி முடிந்து ஈஸ்டருக்குள் அத்தான் கொக்கிரகுளத்துப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்துகொண்டிருப்பதை நான் பார்த்துவிட்டேன். சட்டைப்பையில் மிட்டாய்கூட இருந்தது. அந்த மயக்கத்தில்தான் என் கை குட்டையிடம் போனது. அது ரொம்ப அழகாக வேறு இருந்தது. யாராவது கேட்டால் அழகுக்காக எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பின்னல் கூடைக்குள் வைத்து முந்தானையால் மூடி வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரி ஜெபம் செய்ய முடியவில்லை. முழங்காலில் நின்றால் அத்தானுடைய முழங்கால் ஞாபகம் வருகிறது. எழுந்து கடிதத்தை எடுத்தேன். நான் அவசரத்தில் சரியாக வாசிக்காமல் போன ஒரு வரி ஓரத்தில் இருந்தது. ஞாயிறுதோறும் அந்த ஐந்து குடும்பமும் அக்கரையில் வந்து வரிசையாக நிற்கிறார்களாம், இவர் இக்கரையில் நின்று கையை ஆட்டுகிறாராம், அவர்களும் ஆட்டுகிறார்களாம், பிறகு இரண்டு பக்கமும் வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம். ஆராதனை அவ்வளவுதான். கையை ஆட்டுகிற ஆராதனை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் விக்கல் பிடித்துக்கொண்டது.

காலையில் காப்பிகூடக் குடிக்காமல் பங்களாவுக்கு ஓடினேன். அத்தையிடம் சொல்லவில்லை. அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மண்டபத்தைப் பிள்ளைகள் சவுக்காரத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்கள். மிஸ்ஸியம்மா தனியே நின்றார்கள். குட்டையைக் கொடுத்து மரப்பலகை ஜோடியைக் கேட்டேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் நினைப்பெல்லாம் அந்த ஈரத்தரையில் இருந்தது. கறுப்புக் கல் தளம், சவுக்கார நுரை, மேலே சன்னல் வெளிச்சம்.

"இது போலத்தான்," என்றார்கள். "அந்த ஏரியும் ஏறக்குறைய இது போலத்தான்."

ஜோட்டைக் கழற்றினார்கள். காலுறையோடு தரையில் இறங்கினார்கள். ஒரு காலால் உந்தினார்கள். அறுபது வயசு மனுஷி, எங்களுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தவர்கள், மண்டபத்தின் அந்தக் கோடிவரை ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். போய்த் திரும்பி, அதேபோல் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"முழங்காலை மடக்கு. முன்னே நோக்கு. பின்னே சாய்ந்தாயானால் ஆகாயத்தைக் காண்பாய்."

நான் சேலையைத் தூக்கிச் செருகினேன். எனக்குத் தெரிந்த பனிக்கட்டி எல்லாம், சிறுபிள்ளையில் சேரன்மகாதேவி வயல்வெளியில் ஆலங்கட்டி மழை பெய்தபோது கையில் ஏந்தி, வாயில் போட்டு, பல் கூசித் துப்பின ஒன்றுதான். அதன்மேல் மனுஷர் நடக்கிறார்கள் என்பதை நான் அதுவரை மெய்யாக நம்பவில்லை. உந்தினேன். உலகம் காலுக்குக் கீழே வழுவிக்கொண்டு போனது. கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தவில்லை, பக்கத்து அறை ஜெப அறை. இரண்டாம் தரம் மிஸ்ஸியம்மா கையை விட்டுவிட்டார்கள். மூன்றாம் தரம் நானே போனேன். நாலாம் தரம் நாங்கள் இருவரும் சேர்ந்து போய், நிறுத்தத் தெரியாமல் சாப்பாட்டுத் தட்டு அடுக்கியிருந்த பெஞ்சில் மோதினோம். அறுபது தகரத்தட்டும் ஒவ்வொன்றாக விழுந்து முடிகிறவரை நாங்கள் தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். கடைசித் தட்டு வட்டம் போட்டுச் சுற்றிச் சுற்றி அடங்கியது. மிஸ்ஸியம்மா தொப்பியை நேராக்கிக்கொண்டு, "நிறுத்துவதைக் குறித்து நான் உனக்குச் சொல்லவில்லை" என்றார்கள். எனக்குச் சிரித்து விலா வலித்தது. நேற்று ராத்திரி ஜெபம் செய்ய முடியாமல் கிடந்தவள், அந்தச் சவுக்காரத் தண்ணீருக்குள் உட்கார்ந்து, ஆண்டவரே, ஆண்டவரே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அதையும் ஜெபமாக அவர் ஏற்றுக்கொண்டிருப்பார் என்றே நம்புகிறேன்.

நனைந்த சேலையோடு நீள ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்த என்னை அத்தை மேலும் கீழும் பார்த்தாள். அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறினாள். வெகுநேரம் கழித்து, "அளவு பாத்தியா?" என்றாள்.

அளவு பார்க்கத்தான் வழியில்லை. அத்தான் இங்கே இருந்தவரை ஜோடே போட்டதில்லை. அத்தைதான் வழி கண்டுபிடித்தாள். எங்கள் ஆலயத்தின் பக்கவாசல் படிக்குப் புதிதாகச் சுண்ணாம்புக்காரை பூசியிருந்த அன்று, பதினெட்டு வயசு அத்தான் பாட்டுப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து அதில் வலது காலைப் பதித்துவிட்டார். ஆலயத்தைப் பூட்டித் திறக்கிற கோவில்பிள்ளை வைத வசவு ஊர் முழுக்கப் பிரசித்தம். தடம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் காலாவது வளர்ந்திருக்காதே.

நடுமத்தியானத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்று ஒரு பனையோலையும் கத்தரியும் எடுத்துக்கொண்டு போனோம். அத்தை படியில் முழங்கால் போட்டு ஓலையைத் தடத்துக்குள் வைத்து அமுக்கினாள். நான் எதிரே முழங்கால் போட்டுக் குதிகாலில் நறுக்கினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் குருவானவர் வந்துவிட்டார். படிக்கட்டில் இரண்டு பெண்கள் தலை குனிந்து முழங்காலில் நிற்பதைப் பார்த்ததும், அந்த நல்ல மனுஷர் குடையை மடக்கினார். தாமும் தலை குனிந்தார். நாங்கள் அசையாமல் இருந்தோம். அவரும் அசையாமல் நின்றார். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஜெபத்தின் நடுவே அவர் போக மாட்டார். அவர் போகாமல் ஓலையைக் காட்ட எங்களுக்கு வெட்கம். கடைசியில் அத்தை தொண்டையைக் கனைத்து, "ஆமென்" என்றாள். "ஆமென்" என்றார் குருவானவர், மனநிறைவோடு. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், கொளுத்துகிற வெயிலில் கல்படியில் ஜெபிக்கிற ஸ்திரீகள் இந்தச் சபையில் இருக்கிறார்கள் என்று சொன்னார். அத்தை என் தொடையைக் கிள்ளினாள். நான் இன்றைக்கும் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பேன்.

ஓலைக்குமேல் கம்பளிக் காலுறைக்கும் ஜோட்டுக்குமாக ஒரு விரற்கடை கூட்டினோம். பலகை கச்சிதமாக இருந்தது.

இப்போது துரு. "அனுப்புததுன்னு ஆயிப்போச்சு," என்றாள் அத்தை. "துருவோட அனுப்பினா, தாய்க்காரி ஒருத்தி இருக்காளான்னு அங்கன கேப்பாக." சொந்தத்தில் யாருக்கு அரிவாள், கத்தி கொடுத்தனுப்பினாலும் பட்டறையில் காட்டாமல் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கத்தில் கிடையாது. பேட்டையில் அத்தைக்குப் பழக்கமான ஒரு கொல்லாசாரி இருந்தார். வண்டி கட்டிக்கொண்டு போனோம்.

ஆசாரி அந்த ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரிவாளும் இல்ல, ரம்பமும் இல்ல. இது என்னக்கா, யாரை வெட்ட?"

"எம்மவன் கால்ல கட்டிக்கிட்டு ஏரிமேல போறதுக்கு," என்றாள் அத்தை.

"ஏரிமேலயா? ஏரிக்கரை மேலயா?"

"ஏரிமேல. தண்ணி மேல."

ஆசாரி துருத்தியை விட்டுவிட்டு எழுந்து நின்றார். "உங்க சாமி தண்ணி மேல நடந்தாகன்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்க மகனும் ஆரம்பிச்சாச்சா?"

பனிக்கட்டியை அவருக்கு விளக்க நான் பட்ட பாடு சொல்லி முடியாது. ஆலங்கட்டி தெரியும் என்றார். அந்த ஆலங்கட்டி ஒரு ஏரி அகலம் இருக்கும் என்றேன். அப்படியானால் அது வானத்திலிருந்து விழும்போது ஆடுமாடு என்னாகும் என்று கேட்டார். கடைசியில், "சரி தாயி, ஆகமொத்தம் கட்டியா ஒண்ணு, அதை இது அறுக்கணும். அவ்வளவுதான?" என்று தமக்குப் புரிந்தபடி முடித்துக்கொண்டார்.

அறுக்கணும் என்று அவர் சொன்னபோது நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்த இரும்பெல்லாம் அறுக்கிற இரும்புதான். கூராக இருந்தால் நல்ல இரும்பு, மழுங்கினால் கெட்டது. நானும் அத்தையும் அங்கேயே நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தோம். ஆசாரி துரு போகத் தேய்த்து, இரண்டு இரும்பையும் இரண்டு பக்கமும் சாணை பிடித்து, அரிவாள்போல் ஒரே விளிம்பாகத் தீட்டி, பட்டறைக்குப் பின்னால் கிடந்த வாழைமரத்தில் ஒரு போடு போட்டுக் காட்டினார். மரம் இரண்டு துண்டு. "எம் பட்டறையிலேருந்து மழுங்கல் ஒண்ணு வெளிய போகாது," என்றார். எங்களுக்கு மெய்சிலிர்த்தது. நல்லெண்ணெய் தடவி, வாழைச்சருகில் சுற்றி, இடையில் சில்லுக்கருப்பட்டி வைத்து, சாக்குத்துணியில் தைத்துத் தபாலில் போட்டோம்.

மூன்று நாள் கழித்து மிஸ்ஸியம்மா ஆலயத்தில் என்னைக் கண்டு, துருவை என்ன செய்தாய் என்று கேட்டார்கள். பெருமையோடு சொன்னேன். வாழைமரத்தையும் சொன்னேன். மிஸ்ஸியம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த இரும்பின் அடி பலகைபோல் தட்டையாக, இரண்டு ஓரமும் சதுரமாக இருக்க வேண்டுமாம். சறுக்கிப் போகிறவன் காலைக் குறுக்கே திருப்பி, அந்த ஓரத்தால் பனிக்கட்டியைச் சுரண்டித்தான் நிற்கிறான். கத்திபோல் தீட்டினால் அது பனிக்குள் இறங்கி நேர்கோடு பிடித்துக்கொள்ளும். குறுக்கே திரும்பாது.

"அப்ப எப்படி நிப்பாக?" என்றேன்.

"நில்லான்," என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தை என்னோடு மூன்று வாரம் குடியிருந்தது. நான் குட்டையை எடுத்த ராத்திரி நினைத்ததை, நான் திருப்பிக் கொடுத்த பிறகும் கர்த்தர் கணக்கில் வைத்துக்கொண்டாரோ என்று கலங்கினேன். அத்தான் திரும்பி வருவார், ஆனால் எப்படி வருவார்? அத்தையிடம் சொன்னேன். அவள் சோற்றைக் குறைத்துவிட்டாள். "அந்தக் குட்டையே தேவலாமோ," என்று ஒருநாள் மட்டும் சொன்னாள். பிறகு தானே வாயில் அடித்துக்கொண்டாள். ஆலயத்துப் பக்கவாசல் படியில் இரண்டுபேரும் மெய்யாகவே முழங்கால் போட்டோம். குருவானவர் அந்தப் பக்கம் வரவில்லை. வெயிலும் அப்படித் தெரியவில்லை.

தை கடைசியில் கடிதம் வந்தது. கனமாக இருந்தது. கனமான கடிதத்தை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர் எழுத முடியாது என்று அத்தை சொன்னாள். பிரித்தேன். இதோ, அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

"பார்சல் வந்தது. கருப்பட்டியைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். செருப்பைக் கட்டிக்கொண்டு ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் ஏரியில் இறங்கினேன். வழக்கம்போல் எண்ணுவதற்காகப் பிள்ளைகள் கரையில் கூடினார்கள். ஒரு கோலை ஊன்றி ஒரே உந்து உந்தினேன். பின்னால் காற்றும் பிடித்தது. விழவில்லை. அதுதான் முதல் அதிசயம். இரும்பு பனிக்குள் இறங்கி, உழுகிற கொழுமுனைபோல் நேரே இழுத்துக்கொண்டு போனது. நான் விழ நினைத்தாலும் விட்டிருக்காது. பாதி ஏரியில் நிற்கலாம் என்று பார்த்தேன், நிற்கவில்லை. திரும்பலாம் என்று பார்த்தேன், திரும்பவில்லை. அக்கரையில் ஐந்து குடும்பமும் வரிசையாக நின்று கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். நான் நெருங்க நெருங்க ஆட்டுவதை நிறுத்திவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். அவர்கள் மாட்டுக்குப் போட்டிருந்த வைக்கோற்போருக்குள் நெஞ்சுவரை போய்த்தான் நின்றேன். காலைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். சிரித்துச் சிரித்து ஒரு கிழவிக்கு மூச்சு நின்று, அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தோம். ஆராதனை அதற்குப் பிறகுதான். திரும்பி வர வழி தெரியாமல் மூன்று நாள் அங்கேயே தங்கிப் போதித்தேன். மூன்றாம் நாள் என்னைத் தேடி வந்த துரை, யார் தீட்டியது என்று கேட்டார். எங்கள் ஊர் ஆசாரி என்றேன். அரத்தால் தட்டையாக்கித் தந்தார். இப்போது போய் வருகிறேன், நிற்கவும் செய்கிறேன். நியமனம் கிடைத்துவிட்டது."

வாசிப்பதை நிறுத்தினேன். அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. "மூணு வருசம்," என்றாள்.

அடியில் இன்னும் நாலு வரி இருந்தது. வழக்கம்போல் தாண்டப் பார்த்தேன்.

"ஏட்டி, தாண்டாத," என்றாள் அத்தை.

வாசித்தேன். நியமனம் ஆனவர்களுக்கு இரண்டு அறை வீடு ஒன்று உண்டு. பங்குனியில் மிஷன் ஆட்கள் வடக்கே வருகிறார்கள், அவர்களோடு வந்துவிடு. மிஸ்ஸியம்மா பெட்டியில் உனக்கும் ஒரு ஜோடி பார். இந்தத் தரம் ஆசாரியிடம் காட்டாதே.

நான் எழுந்து உள்ளே போய், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முழங்காலை மடக்கி, முன்னே நோக்கி, வெறும் சாணித்தரையில் ஒரு உந்து உந்திப் பார்த்தேன். இரண்டங்குலம் போனேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுபடியும் பங்களாக் கிடங்கு, மறுபடியும் அதே பெட்டி. குட்டை பளபளவென்று என்னைப் பார்த்தது. நான் அதைத் தொடவில்லை. காலுக்கு இரண்டிரண்டு இரும்பு வைத்த குழந்தை ஜோடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் கால் சின்னக் கால். வாரைக் கடைசித் துளைக்குத் தள்ளினால் சரியாக இருந்தது. மிஸ்ஸியம்மா அதைத் தடவிக் கொடுத்தார்கள். பிறகு எங்கள் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அத்தை சாவி போடுகிற ஜோடியைத் தூக்கி, சாவியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பூட்டுததுதான?" என்றாள். "பூட்டினா நடுவழியில களவு போகாதுல்லா. எனக்கு இது."

அவளும் வந்தாள். அது தனிக் கதை.

போன வாரம் இதை இதுவரை எழுதி அத்தானிடம் கொடுத்தேன். குட்டை ஜோடியைப் பற்றி அவருக்குத் தெரியவந்தது இந்தத் தாளில்தான். கண்ணாடியைப் போட்டு, இரண்டுதரம் வாசித்து, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "ரொம்ப அழகா இருந்துச்சோ?" என்று கேட்டார். ரொம்ப என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினெட்டு வருஷப் பயம் அவ்வளவில் முடிந்தது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுதல். இதை நீங்கள் பிறருக்குச் சொல்லுங்கள், ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். ஜோடி நான்கு. தப்பானதை முதலில் எடுத்தேன், மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசாரி அன்பினால் தீட்டினார், அவரைக் கேலி செய்யாதீர்கள். அரிவாள்மனையை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. அத்தை ஏரியில் விழுந்தாள் என்று ஒரு பேச்சு உண்டு, அதையும் சேர்க்காதீர்கள். அவள் விழவில்லை, உட்கார்ந்தாள். அப்படித்தான் கடைசிவரை சொன்னாள், நானும் அப்படித்தான் சொல்லுவேன்.